விரலில் மாட்டும் கருவி 95 காட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புகைமூட்டம் சூழ்ந்தாலும் சளிக்காய்ச்சல் பரவினாலும் தமிழ் நாளேடுகளின் மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: “ஆக்ஸிமீட்டரில் 95க்கு மேல் இருந்தால் கவலைப்பட வேண்டாம்.” அண்மையில் உங்கள் ஞாயிறு பதிப்பிலும் அந்த வரியைப் பார்த்தோம். எழுதியவரைக் குறை சொல்வதற்காக இந்தக் கடிதம் இல்லை. கோவிட் காலத்தில் எல்லோரும் சொன்ன வரிதான் அது. எங்கள் கவலை வேறு. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உங்கள் நாளிதழைப் படிக்கிற குடும்பங்களில் மாநிறத்தவரும் நல்ல கறுப்பு நிறத்தவருமே அதிகம். விரலில் மாட்டும் இந்தச் சிறு கருவி, கறுத்த தோலில் உண்மையான ஆக்ஸிஜன் அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். தீவிர சிகிச்சைத் துறை இதைப் பற்றி 2020 முதல் உரக்கப் பேசி வருகிறது. ஆனால் அந்தக் கருவியை மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இது இன்னும் போய்ச் சேரவில்லை.

கருவி எப்படி அளக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் கோளாறு எங்கே என்று புரியும். கிளிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு குட்டி விளக்குகள் இருக்கின்றன. ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு. மற்றது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. அது கண்ணுக்குத் தெரியாது. எதிர்ப்பக்கத்தில் ஒளியை வாங்கும் உணரி. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் சிவப்பை விட்டுவிட்டு அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்ஸிஜன் இறங்கிய ரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஒவ்வொரு நாடித் துடிப்பிலும் விரலுக்குள் புது ரத்தம் பாய்வதால் உணரிக்கு வரும் ஒளி ஏறி இறங்கும். அந்தத் துடிக்கும் பங்கை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு ஒளிகளுக்கும் இடையிலான விகிதத்தைப் பார்த்தால் தமனி ரத்தத்தின், அதாவது இதயத்திலிருந்து உடலுக்குப் பாயும் ரத்தத்தின் ஆக்ஸிஜன் நிறைவு (சுமக்கக்கூடிய ஆக்ஸிஜனில் எத்தனை விழுக்காடு ஏறியிருக்கிறது என்பது) தெரியும். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974இல் கண்டுபிடித்த வழி இது. ஊசி குத்தாமல் ஆக்ஸிஜனை அறிய முடிந்ததால் மயக்க மருந்துத் துறையே மாறிப்போனது. கருவியை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அந்த விகிதம் தானாக ‘96’ என்ற எண்ணாக மாறிவிடாது. அதற்கு ஓர் அட்டவணை வேண்டும். ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்து, சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜனைப் படிப்படியாகக் குறைத்து, ரத்த ஆக்ஸிஜன் 70 விழுக்காடு வரை இறங்கும்போது தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஒப்பிட்டுத்தான் அந்த அட்டவணையைச் சரிபார்க்கிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி, இந்தச் சோதனைக்குக் குறைந்தது 10 பேர் போதும் என்றது. அவர்களில் கறுத்த தோல் உடையவர்கள் குறைந்தது 2 பேர், அல்லது மொத்தத்தில் 15 விழுக்காடு. எது அதிகமோ அது. 10 பேரில் 2 பேர்! உலகம் முழுக்க மருத்துவமனைகளில் நம்பப்படும் எண், கறுத்த தோலுக்குச் சரியா என்று பார்த்த அளவு அவ்வளவுதான்.

ஏட்டளவில் பார்த்தால் தோலின் நிறம் இதில் தலையிடவே கூடாது. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் நாடியோடு சேர்ந்து துடிப்பதில்லை. ஆகவே துடிக்காத பங்கோடு அது கழிந்துவிட வேண்டும். நடைமுறையில் முழுதாகக் கழிவதில்லை. அந்தக் குட்டி விளக்கு 660 என்ற ஒரே அலைநீளத்தை மட்டும் உமிழ்வதில்லை, இருபுறமும் கொஞ்சம் பரந்து உமிழ்கிறது. மெலனினோ நீண்ட அலைகளைவிடக் குட்டை அலைகளையே அதிகம் விழுங்கும். அதனால் கறுத்த தோலைக் கடந்துவரும் சிவப்பு ஒளியின் நடு அலைநீளம் சற்றே நகர்ந்துவிடுகிறது. அட்டவணை நகராத ஒளிக்குப் போட்டது. போதாக்குறைக்கு, உணரிக்கு வந்து சேரும் ஒளியும் குறைவு. “விரல் உள்பக்கம் வெளிறித்தானே இருக்கிறது” என்று சிலர் கேட்பதுண்டு. ஒளி நுழைவது நகம் இருக்கும் மேல்பக்கத்திலிருந்து. நகத்தைச் சுற்றியுள்ள தோலில் மெலனினுக்குக் குறைவில்லை.

இது புதுச் செய்தியும் அல்ல என்பதுதான் வருத்தம். 1990இலேயே அமெரிக்காவில் ஜூப்ரான், டோபின் என்ற இரு நுரையீரல் மருத்துவர்கள், வெண்டிலேட்டரில் இருந்த நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து எழுதினார்கள்: வெள்ளை நிறத்தவருக்குக் கருவியில் 92 இருந்தால் போதிய ஆக்ஸிஜன் இருப்பதாக நம்பலாம், கறுப்பினத்தவருக்கு அதே நம்பிக்கை வர 95 வேண்டும். மூன்று புள்ளி வித்தியாசம். அந்த ஆய்வை 30 ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோவிட் வந்து, ஆக்ஸிமீட்டரின் எண்ணை வைத்தே ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதா வார்டில் சேர்ப்பதா என்று முடிவு செய்யும் நிலை வந்தபோதுதான் மறுபடி தோண்டினார்கள். 2020 டிசம்பரில் நியூ இங்லாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஏட்டில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஒப்பீடு பலரை உலுக்கியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனி ரத்தத்தின் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. ஏறத்தாழ மூன்று மடங்கு. இதைத்தான் மருத்துவர்கள் மறைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறைவு என்கிறார்கள். நோயாளியின் உடல் திணறுகிறது. திரையில் எல்லாம் சரி.

2022இல் அமெரிக்காவில் கோவிட் நோயாளிகளிடம் செய்த இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் வெள்ளையரோடு ஒப்பிடும்போது, ‘ஆசியர்’ என்று பதிவானவர்களுக்குக் கருவி சராசரியாக 1.7 புள்ளி கூட்டிக் காட்டியது, கறுப்பினத்தவருக்கு 1.2, ஹிஸ்பானியருக்கு 1.1. இந்த எண்ணை அப்படியே தூக்கி மலேசியத் தமிழருக்கு ஒட்டக்கூடாது. அமெரிக்கப் பதிவேட்டில் ‘ஆசியர்’ என்ற ஒரே பெட்டிக்குள் சீனரும் பிலிப்பினோவும் இந்தியரும் அடக்கம். இனம் வேறு, தோலின் நிறம் வேறு. ஒரே வீட்டில் அண்ணன் மாநிறமாகவும் தம்பி கறுப்பாகவும் இருப்பது நமக்குத் தெரியாததா? ஆனால் தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் இந்த ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. கருவி பிழை செய்யும்போது, கறுத்த தோலில் பெரும்பாலும் கூட்டியே காட்டுகிறது. குறைத்துக் காட்டினால் வீண் பயம்தான், ஓர் அலைச்சலோடு போகும். கூட்டிக் காட்டினால் போவது நேரம்.

92க்கும் 88க்கும் நாலு புள்ளிதானே என்று எண்ண வேண்டாம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் குறையக் குறைய நிறைவும் ஒரே சீராகக் குறைவதில்லை. மேலே தட்டையான மேட்டுநிலம்; 90க்குக் கீழே செங்குத்துச் சரிவு. 97 விழுக்காட்டில் அழுத்தம் 90 பாதரச மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். 90 விழுக்காட்டில் சுமார் 60. 88க்கு வந்தால் ஏறத்தாழ 55. அதற்குப் பின் அழுத்தத்தில் சிறு குறைவு வந்தாலும் நிறைவு மளமளவென்று இறங்கும். கருவியில் 92 தெரிந்தால் மேட்டில் நிற்பதாக நினைப்போம். உண்மை 88 என்றால் ஏற்கெனவே சரிவில் கால் வைத்தாயிற்று.

இதைப் படித்தவுடன் எல்லோருக்கும் தோன்றும் யோசனை, “அப்படியானால் 3ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால் என்ன?” தயவுசெய்து வேண்டாம். இந்தப் பிழை ஒரே அளவாக வருவதில்லை. ஒருவருக்கு 1, இன்னொருவருக்கு 5, வேறொருவருக்கு ஒன்றுமே இல்லை. அதே ஆளுக்குக்கூட விரல் சூடாக இருக்கும்போது ஒன்று, ரத்த ஓட்டம் மந்தமாக இருக்கும்போது வேறொன்று. ரத்த ஓட்டக் குறைவும் கறுத்த தோலும் சேரும்போது பிழை பெருகுகிறது என்று கலிபோர்னிய ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஐசியு நோயாளிக்கு ரத்த அழுத்தம் சரிந்து, கை கால் சில்லிட்டிருக்கும். கருவியை மிகவும் நம்ப வேண்டிய நேரமும் கருவி மிகவும் தடுமாறும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

இரண்டாவது யோசனை இன்னும் ஆபத்தானது. “எதற்கும் இருக்கட்டும், ஆக்ஸிஜனைக் கூட்டி 98இல் வைத்துவிடுவோம்” என்பது. பல ஆண்டுகள் புகைத்ததாலோ தூசியிலும் புகையிலும் உழைத்ததாலோ நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி வந்தவர்களில் சிலருக்கு ஆக்ஸிஜன் அதிகமானால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது, நீட்டிய கை படபடவென்று ஆடுவது, குழப்பமான பேச்சு என்று போய் நினைவு தப்பும். இதற்கு 2010இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் ஊழியர்களை வைத்துச் செய்த சோதனை தெளிவான சான்று. மூச்சுத்திணறலோடு வந்த சிஓபிடி நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல அதிக ஆக்ஸிஜன். இன்னொரு பிரிவினருக்கு 88 முதல் 92க்குள் நிற்கும்படி அளந்து கொடுத்தார்கள். முதல் பிரிவில் 9 விழுக்காட்டினர் இறந்தனர். அளந்து கொடுத்த பிரிவில் 4 விழுக்காடு. கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு இன்றும் 88 முதல் 92 என்பதே இலக்கு.

இங்கேதான் கறுத்த தோலுள்ள சிஓபிடி நோயாளி இரண்டு பக்கமும் இடிபடுகிறார். இலக்கு 88 முதல் 92. கருவி 89 காட்டுகிறது. உண்மை 85ஆக இருந்தால் ஆக்ஸிஜன் போதவில்லை. அதற்குப் பயந்து கருவியில் 95 வரும்வரை ஏற்றினால் கரியமில வாயு தேங்கலாம். விரல் கருவி கரியமில வாயுவைக் காட்டவே காட்டாது. இந்தச் சிக்கலை அவிழ்க்கத் தமனி ரத்தப் பரிசோதனைதான் வழி. மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில் மெல்லிய ஊசியால் ஒன்றிரண்டு மில்லிலிட்டர் ரத்தம் எடுப்பார்கள். சாதாரண ரத்தச் சோதனையைவிடக் கொஞ்சம் வலிக்கும். எடுத்தபின் குறைந்தது 5 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் இன்னும் கூடுதல் நேரம், இல்லையென்றால் மணிக்கட்டு வீங்கிக் கறுத்துப்போகும். சில நிமிடங்களில் ஆக்ஸிஜன், கரியமில வாயு, அமிலத்தன்மை மூன்றும் தெரிந்துவிடும். ரத்தம் எடுக்கும் அதே கணத்தில் விரல் கருவி என்ன காட்டியது என்றும் குறித்து வைத்தால் அந்த நோயாளிக்கு வித்தியாசம் எவ்வளவு என்று தெரியும். நோயாளியின் கிளினிக் புத்தகத்தில் ஒரே வரியில் எழுதி வைக்கலாம்: தேதி, கருவியில் 93, தமனியில் 89. அடுத்த தடவை நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வரும்போது புது டாக்டருக்கு அந்த ஒரு வரி கைவிளக்கு மாதிரி. ஆனால் அதுவே நிரந்தரக் கணக்கு ஆகிவிடாது. உடல்நிலை மாறினால் மறுபடி ஒப்பிட வேண்டும்.

வீட்டு ஆக்ஸிஜன் கிடைப்பதும் கிடைக்காததும் இதே எண்ணில்தான் தொங்குகிறது. 1980, 1981இல் வந்த இரண்டு பழைய ஆய்வுகள், தமனி ஆக்ஸிஜன் அழுத்தம் 55 அல்லது அதற்குக் கீழே உள்ள சிஓபிடி நோயாளிக்குத் தினமும் 15 மணி நேரமாவது ஆக்ஸிஜன் கொடுத்தால் ஆயுள் நீளும் என்று காட்டின. நிறைவுக் கணக்கில் அது 88 விழுக்காடு. 2016இல் 738 பேரிடம் செய்த அமெரிக்க ஆய்வு, ஓய்வில் 89 முதல் 93 வரை இருப்பவர்களுக்கு வீட்டு ஆக்ஸிஜனால் பலன் இல்லை என்றது. ஆகக் கருவியில் 90 இருந்தால் “உங்களுக்குத் தேவையில்லை” என்று திருப்பி அனுப்பலாம். கறுத்த தோலில் அந்த 90 உண்மையில் 87ஆக இருந்தால்? ஆயுளை நீட்டக்கூடிய சிகிச்சை கைநழுவிப் போகும். எல்லைக்கோட்டருகே நிற்கும் நோயாளியைத் தமனி ரத்தம் பார்க்காமல் திருப்பி அனுப்புவது சரியல்ல என்பதே எங்கள் உறுதியான கருத்து. பிள்ளைகள் டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்: “டாக்டர், அப்பாவுக்கு இது கிளிப் அளவா, ரத்தம் எடுத்துப் பார்த்த அளவா?”

ஏற்கெனவே வீட்டில் ஆக்ஸிஜன் சுவாசிக்கிறவர்களுக்கு ஓர் ஆறுதல். ஸ்வீடனில் 241 பேரிடம் செய்து 2024இல் வெளிவந்த ஆய்வு, நாளுக்கு 24 மணி நேரம் சுவாசித்தாலும் 15 மணி நேரம் சுவாசித்தாலும் ஓராண்டுக்குள் மருத்துவமனைச் சேர்க்கையிலோ இறப்பிலோ வித்தியாசம் இல்லை என்று காட்டியது. பேரன் கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் குழாய் இல்லாமல் போய்வரலாமா என்று கேட்கும் தாத்தாவுக்கு, இதைக் காட்டி டாக்டரிடம் பேச இடம் இருக்கிறது. ஆக்ஸிஜன் ஓடும் அறையில் சாமி விளக்கும் ஊதுபத்தியும் சிகரெட்டும் மட்டும் கூடவே கூடாது. ஆக்ஸிஜன் ஊறிய துணியில் தீப்பொறி பட்டால் அணைக்க நேரம் இருக்காது.

ஐசியுவிலும் இதே கேள்விதான், பணயம் மட்டும் பெரிது. ஆக்ஸிஜனைத் தாராளமாகக் கொடுப்பதா, சிக்கனமாகவா என்று பல ஆண்டுகளாக விவாதம். பிரான்சில் கடும் நுரையீரல் அழற்சியில் வெண்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு 88 முதல் 92 என்ற தாழ்ந்த இலக்கு வைத்த ஆய்வை 205 பேரோடு பாதியில் நிறுத்த நேர்ந்தது. 2020இல் வெளியான அதன் முடிவின்படி, 90 நாளில் இறந்தவர்கள் தாழ்ந்த இலக்குப் பிரிவில் 44.4 விழுக்காடு, மற்றதில் 30.4. தாழ்ந்த பிரிவில் 5 பேருக்குக் குடலுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டது. 2022இல் அமெரிக்காவில் 2,541 பேரிடம் 90, 94, 98 என்று மூன்று இலக்குகளை வைத்துப் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை. 2025இல் பிரிட்டனின் 97 ஐசியுக்களில் 16,500 நோயாளிகளிடம் செய்த மாபெரும் ஆய்விலும் 90ஐ இலக்காக வைத்த பிரிவில் இறப்பு 35.4, வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 34.9. கிட்டத்தட்ட சமம்.

சமம்தானே, சிக்கனமாகவே கொடுக்கலாம் என்று இந்த முடிவைப் படிக்கலாம். அங்கேதான் நம் ஊர் மருத்துவர்கள் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டும். பிரிட்டிஷ் ஆய்வின் 90 விரல் கருவி காட்டும் 90. பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழும் நாட்டில் எடுத்த சராசரி அது. கோலாலம்பூர் ஐசியுவில் படுத்திருக்கும் கறுத்த தோலுள்ள நோயாளிக்கு அதே 90 உண்மையில் 86ஆக இருக்கலாம். பிரெஞ்சு ஆய்வில் ஆபத்து தெரிந்த எல்லைக்கும் கீழே. தாழ்ந்த இலக்கைப் பின்பற்றுவதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. பின்பற்றுமுன் தமனிக் குழாயிலிருந்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், நிலைமை மாறும்போதெல்லாம் மறுபடி ஒப்பிடுங்கள் என்கிறோம். ஐசியுவில் அது கையெட்டும் தூரத்தில் இருக்கும் வசதி.

இனி வீட்டுக்கு வருவோம். கருவியைத் தூக்கிப்போட யாரையும் சொல்ல மாட்டோம். சரியாகப் பயன்படுத்தினால் உயிர் காக்கும். நோய் இல்லாத நாளிலேயே அளந்து உங்கள் வழக்கமான எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வழக்கமாக 98 காட்டுகிறவருக்கு இன்று 95 காட்டினால் “95 இருக்கிறதே” என்று திருப்திப்படக் கூடாது. 3 புள்ளி இறங்கியிருக்கிறது என்பதுதான் செய்தி. அளக்கும் முன் 5 நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும். ஏர்கான் அறையில் கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்க வேண்டும். நகப்பூச்சு, ஒட்டு நகம், கறுப்பு மருதாணி இருந்தால் அகற்ற வேண்டும், அல்லது பூசாத விரலில் மாட்ட வேண்டும். நடுவிரல் அல்லது ஆள்காட்டி விரலை நகம் மேலே பார்க்க, முட்டும்வரை உள்ளே விட்டு, கையை நெஞ்சளவில் மேசைமேல் அசையாமல் வைக்க வேண்டும். அசைந்தால் கருவி குழம்பி 85ஐ ஒட்டிய எண்களைக் காட்டத் தொடங்கும். அதே கையில் ரத்த அழுத்தப் பட்டை உப்பிக்கொண்டிருந்தால் எண்ணே வராது. ஒரு நிமிடம் பொறுத்து, 5 நொடிக்கு மாறாமல் நிற்கும் எண்ணை எழுதுங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பையும் மணிக்கட்டில் நீங்களே எண்ணிய துடிப்பையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஆக்ஸிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் உயிர் போகிற விஷயம். இந்தத் திரையில் எண்கள் கட்டைக் கட்டையான கோடுகளால் ஆனவை. 86ஐத் தலைகீழாகப் பார்த்தால் 98 என்று தெரியும்! நோயாளிக்கு எதிரே நின்று பார்க்கிறவர்கள் இதில் ஏமாறுவது எளிது. எண்ணுக்குப் பக்கத்தில் விழுக்காட்டுக் குறி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

எண் நன்றாக இருந்தாலும் ஆளைப் பாருங்கள். அவருக்குத் தெரியாமல் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 25ஐத் தொட்டால், திரையில் 97 இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா, கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து உட்கார்கிறாரா என்று கவனியுங்கள். ‘உதடு நீலமானால்’ என்ற வழக்கமான அறிவுரை வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம்மவர்களுக்கு உதட்டின் வெளிப்பக்கத்தில் நீலம் தெரியாது. கீழுதட்டை மெல்ல மடித்து உள்பக்கத்தையும், நாக்கையும், ஈறையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் கலந்த நிறம் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. ஓய்வில் எண் நன்றாக இருந்து நோயாளிக்கும் திணறல் இல்லையென்றால், நாற்காலியில் ஒரு நிமிடம் எழுந்து உட்காரச் சொல்லி மறுபடி அளக்கலாம். கூடவே ஒருவர் நிற்க வேண்டும். 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் நுரையீரல் மறைத்து வைத்திருந்த நோய் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவரிடமும், நெஞ்சுவலி உள்ளவரிடமும், தடுமாறி விழக்கூடியவரிடமும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

தோல் எந்த நிறமாக இருந்தாலும் இந்தக் கருவி ஏமாறும் இடங்கள் இன்னும் உண்டு. மூடிய அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ ஓடி, கார்பன் மோனாக்சைடு உடலுக்குள் போனவருக்கு 98, 99 என்று அழகாகக் காட்டும், அவர் இறந்துகொண்டிருப்பார். ரத்தச்சோகையும் அப்படித்தான். ஹீமோகுளோபின் 14 இருக்க வேண்டியவருக்கு 7 இருந்தால், நிறைவு 98 என்றாலும் ரத்தம் சுமக்கும் ஆக்ஸிஜன் பாதிதான். பத்து லோரிகளில் ஐந்துதான் வந்தால், அந்த ஐந்தும் நிரம்பி வந்தாலும் சரக்கு முழுதும் வந்துவிட்டதாக ஆகாது அல்லவா?

கருவி வாங்குகிறவர்கள் விலையை மட்டும் பார்க்க வேண்டாம். 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம், அதாவது சட்டம் 737, இந்த நாட்டில் விற்கும் மருத்துவக் கருவிகள் மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவு பெற வேண்டும் என்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள். கைக்கடிகாரத்தில் வரும் ஆக்ஸிஜன் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அதிகாரிகளிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. 2024 மார்ச்சில் பிரிட்டனில் அரசு நியமித்த ஆய்வுக் குழு, மருத்துவக் கருவிகளில் உள்ள இந்தப் பாரபட்சத்தை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டு அறிக்கை கொடுத்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட வரைவு வழிகாட்டி, 10 பேர் என்ற பழைய கணக்கை விட்டு 150 பேருக்குக் குறையாமல் சோதிக்கச் சொல்கிறது. தோல் நிறத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் போதாது, வண்ண அளவீட்டுக் கருவியாலும் அளக்க வேண்டும் என்கிறது. மலாய், சீன, தமிழ், ஓராங் அஸ்லி மக்கள் என்று தோலின் அத்தனை நிறங்களும் ஒரே வார்டில் படுத்திருக்கும் நாடு நம்முடையது. இந்தச் சோதனையைச் செய்ய இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? எந்த நிறத் தோல்களில், எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது என்பதைப் பெட்டிமேல் அச்சிட வேண்டும் என்று நம் ஆணையமும் கேட்கலாம். 2021 நடுவில் கிள்ளான் பள்ளத்தாக்கில், வீட்டிலேயே இறந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் எண்ணிக்கை நாள்தோறும் வெளியானதை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு விரல் கருவிதான் காரணம் என்று சொல்ல எங்களிடம் சான்று இல்லை, சொல்லவும் மாட்டோம். ஆனால் அடுத்த தொற்று வரும்போது மறுபடி இதே கருவியைத்தான் வீடு வீடாகக் கொடுப்போம்.

உங்களிடம் கேட்பது சிறியது. மருத்துவப் பக்கத்தில் அந்த வரி அடுத்த முறை வரும்போது, இந்தச் சொற்களையும் சேர்த்து அச்சிடுங்கள்: “95க்கு மேல் என்பது உறுதியல்ல, ஒரு குறிப்பு மட்டுமே. கறுத்த தோலில் கருவி கூட்டிக் காட்டலாம். உங்கள் வழக்கமான எண்ணிலிருந்து 3 புள்ளி இறங்கினால், அல்லது நிமிடத்துக்கு 25 முறை மூச்சு வாங்கினால், எண் எதுவானாலும் டாக்டரைப் பாருங்கள். 92 அல்லது அதற்குக் கீழே போனால், பேச முடியாமல் திணறினால், குழப்பமாகப் பேசினால் உடனே 999. சிஓபிடி நோயாளிகளுக்கு டாக்டர் வேறு இலக்கு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றவும்.”

இப்படிக்கு,
நுரையீரல், தீவிர சிகிச்சைத் துறைகளில் பணியாற்றும் வாசகர்கள்,
கோலாலம்பூர்